வெளிநாட்டில் இருந்தபடி காணி மக்களின் நில உரிமைக்குத் துணை நிற்க: முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம், குலசேகரம், தக்கலை, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கோ லண்டனுக்கோ போனவர்களில் பலருக்கு, பேச்சிப்பாறை அணைக்கு மேலே இருக்கிற காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் உண்டு. ஆர்வத்தில் குறையில்லை, வரிசைதான் தப்பிப் போகிறது. முதலில் வாட்ஸ்அப் குழு, அடுத்து வசூல், அப்புறம் அதிகாரிகளைத் திட்டி ஒரு வீடியோ. அதற்குள் குடியிருப்பில் ஒரு படிவம்கூட நிரப்பியிருக்க மாட்டார்கள்.

காட்டில் வாழ்பவர்களுக்கு அவர்கள் கையிலுள்ள வன நிலத்தின் மேல் உரிமை தருவது 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். அதன்படி அந்த உரிமையைக் கோருபவர், தீர்மானம் போடுபவர், மேல்முறையீடு செய்பவர் எல்லாருமே குடியிருப்பில் வாழ்பவர்கள்தான். தொலைவில் இருப்பவருக்கு மிஞ்சுவது கோப்பு வேலை: ஆதாரம் தேடுவது, தேதிக் கணக்கு வைப்பது, பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துவது, பதில் வராத இடத்தில் கேள்வி கேட்பது. பார்க்கச் சின்ன வேலை. ஆனால் பட்டா நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான்.

1. முதலில் உங்கள் பாஸ்போர்ட்டைப் பாருங்கள்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் இந்தியக் குடிமகனும், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கி, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருப்பவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. குழுவில் யார் எந்த வேலையைச் செய்யலாம் என்பதே இதைப் பொறுத்துத்தான் அமையும். அதனால் முதல் நாளே பிரித்து எழுதிவிடுங்கள்.

தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005 குடிமக்களுக்கு மட்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் துபாயிலிருந்தும் மனுப் போடலாம், ஓசிஐ அட்டைக்காரர் போட முடியாது. பணத்திலும் இதே பிரிவு உண்டு. இந்தியக் குடிமகன் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஓசிஐ அட்டைக்காரர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை.

இன்னொன்று. 2021 மார்ச் அறிவிக்கையின்படி ஓசிஐ அட்டைக்காரர்கள் ஆய்வு, பத்திரிகைப் பணி போன்றவற்றுக்கு முன்கூட்டியே சிறப்பு அனுமதி வாங்க வேண்டும். லீவில் வந்த இடத்தில் கேமராவும் கேள்வித்தாளுமாகக் குடியிருப்புக்குள் போனால், சிக்கல் உங்களோடு நிற்காது. உங்களை அழைத்துப் போனவர் தலையிலும் விழும்.

2. அழைப்பு வாங்காமல் தொடங்க வேண்டாம்

குடியிருப்பின் தலைவரான மூட்டுக்காணி, மனுக்களைச் சரிபார்க்கும் வன உரிமைக் குழுவில் இருப்பவர்கள், அங்குள்ள பெண்கள் ஆகிய மூன்று தரப்பிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். ஒரே ஒருவரிடம் மட்டும் பேசிவிட்டு "ஊரே கேட்கிறது" என்று நினைத்துக்கொள்வதுதான் புதியவர்கள் அதிகமாகச் செய்யும் தப்பு. பெரும்பாலும் அந்த ஒருவர், வெளியாட்களோடு பழகித் தேர்ந்தவராக இருப்பார், அவ்வளவுதான்.

அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். நீங்கள் பட்டாவை நினைத்துப் போவீர்கள். அவர்கள் பாதையைச் சொல்லலாம், வந்த பட்டாவில் பரப்பு குறைந்து போனதைச் சொல்லலாம், தேன் எடுக்கவும் சிறு வனப்பொருள் சேகரிக்கவும் போகும் இடத்தில் வனக் காவலர் (கார்டு) தடுப்பதைச் சொல்லலாம். மூன்றும் இதே சட்டத்துக்குள் வருபவைதான், ஆனால் வழி வேறு. பாதை, பள்ளி, அங்கன்வாடி போன்ற 13 வகை வசதிகளுக்குப் பிரிவு 3(2) இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான வன நிலம், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபையின் பரிந்துரை வேண்டும் என்பவை அதன் நிபந்தனைகள்.

நேரில் போவதாக இருந்தால் வனத்துறை அனுமதியோடு போங்கள். தச்சமலை, தோட்டமலை மாதிரி அணைக்கு அக்கரையில் இருக்கும் இடங்களுக்குப் படகில் போக வேண்டும். அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைந்தார் என்று உங்கள் மேல் ஒரு வழக்கு விழுந்தால், குடியிருப்பின் கோப்பு அந்த வழக்குக்குப் பின்னால் போய் நின்றுவிடும்.

3. எந்த நிலம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

மலைப்பக்கத்தில் காப்புக்காடு, வருவாய்த்துறை நிலம், அரசு ரப்பர் கழகத்தின் தோட்டம், தனியார் எஸ்டேட் எல்லாம் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. வன உரிமைச் சட்டம் பேசுவது வன நிலத்தை மட்டும்தான். வருவாய் நிலத்துக்கு இந்தப் படிவத்தைக் கொடுத்தால் அலைந்தது மிச்சம். கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயத்துக்குள் இருக்கும் நிலத்துக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். "சரணாலயம், அதனால் பட்டா கிடையாது" என்று யாராவது சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது சாதிச் சான்று. காணிக்காரர் என்ற பெயர் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்களுக்கும் மட்டும் இடப்பட்டது. சான்று தருபவர் கோட்டாட்சியர் நிலை அதிகாரி. வீட்டில் மூத்தவரிடம் இருக்கும், பிள்ளைகளிடம் இருக்காது. இதை முன்னாலேயே சரிபார்க்காவிட்டால், பழங்குடி அல்லாதவர்களுக்கான விதிப்படி 2005-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு வாழ்ந்ததற்குச் சான்று கேட்பார்கள்.

நிலம் வாங்கும் ஆசை இருந்தால் இந்த இடத்திலேயே விலகிவிடுங்கள். இந்தச் சட்டத்தில் கிடைத்த உரிமை வாரிசுக்குப் போகும், விற்கவோ மாற்றவோ முடியாது. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலமோ தோட்டமோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணி விதிகளிலும் இடமில்லை. "மச்சான் பெயரில் முடிச்சிரலாம்" என்று யோசிப்பவரைக் குழுவில் வைத்துக்கொண்டு நில உரிமை பேசுவதில் அர்த்தமில்லை.

4. ஆதாரக் கோப்பு: அதிக நேரம் இங்கேதான் போக வேண்டும்

2005 டிசம்பர் 13 என்ற தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அந்த நாளுக்கு முன்பே நிலம் அவர்கள் கையில் இருந்தது என்று காட்ட வேண்டும். அதற்குப் பிறகு வந்த ஆதார் அட்டையை எத்தனை பிரதி வைத்தாலும் இந்த வேலைக்கு உதவாது. புதியவர்கள் அனுப்பும் கோப்புகளில் பாதிக் காகிதம் இப்படித்தான் இருக்கிறது.

விதி 13 பலவகை ஆதாரங்களைச் சொல்கிறது. அவற்றில் ஒன்றுக்கு மேல் இருந்தால் போதும். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, வீட்டு வரி ரசீது, அரசின் வரைபடம், வனத்துறையின் செயல்திட்ட ஆவணம், பழைய வழக்குத் தீர்ப்பு ஆகியவை ஒரு வகை. வீடு, கிணறு, வரப்பு, தடுப்பணை, சுடுகாடு, வழிபாட்டு இடம் ஆகியவை இன்னொரு வகை. மனுதாரர் அல்லாத ஒரு மூத்தவர் சொல்லி எழுதிய வாக்குமூலமும், முன்னோர் வரிசையைக் காட்டும் குடும்ப மரமும்கூட ஆதாரம்தான். காகிதமே இல்லாத குடும்பத்துக்கு இந்தக் கடைசி இரண்டும் பெரிய உதவி. இவற்றை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

வனத்துறை போட்ட பழைய வழக்கை வெட்கப்பட்டு மறைத்து வைத்திருப்பார்கள். 1990-களில் "ஆக்கிரமித்துப் பயிர் செய்தார்" என்று ஒருவர் மேல் வழக்கு இருந்தால், அந்த ஆண்டில் அவர் அங்கே இருந்தார் என்று துறையே எழுதிக் கொடுத்த மாதிரி. முதலில் தேட வேண்டிய காகிதம் அது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 1949 வரை இது திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அதற்கு முந்தைய பதிவுகள் பல மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் இருக்கும். கொல்லம் ஆண்டு 1100 என்றால் 1924-25. ஆண்டு சிங்ங மாதத்தில், நம் ஆவணியில், பிறக்கும். அதனால் ஆவணியிலிருந்து டிசம்பர் வரை 824-ஐக் கூட்டுங்கள், ஜனவரிக்கு மேல் 825-ஐக் கூட்டுங்கள். தேதியை மாற்றி எழுதும்போது மூலத்தில் உள்ளதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் பார்க்கும் அதிகாரி இரண்டும் வேறு காகிதம் என்று ஒதுக்கிவிடுவார். திருவனந்தபுரத்திலுள்ள கேரள ஆவணக் காப்பகத்தில் தேட ஒருவர், மலையாளம் வாசித்துத் தமிழில் எழுத ஒருவர் வேண்டும். வெளிநாட்டில் நம் ஊர்க்காரர்களுக்கு மலையாளி நண்பர்களுக்குப் பஞ்சமா என்ன? இந்த வேலையை அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள்.

செயற்கைக்கோள் படம் எடுப்பது உங்களால் அங்கிருந்தே முடியும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படத்தைத் திருப்பிப் பார்க்கலாம். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். மரச்சீனியும் நல்லமிளகும் பாக்கும் மரநிழலில் கலந்து நிற்கும் விளை (தோட்டம்), மேலிருந்து பார்த்தால் காடாகத்தான் தெரியும். 2012-இல் திருத்தப்பட்ட விதிகளே, செயற்கைக்கோள் படம் மற்ற ஆதாரங்களுக்குத் துணை, மாற்று அல்ல என்கின்றன. படத்தைக் காட்டி மனுவைத் தள்ளினால் இந்த வரியை எடுத்துக் காட்ட வேண்டும்.

பெயர் எழுத்துகளையும் பாருங்கள். ரேஷன் அட்டையில் "மாதவன் காணி", வாக்காளர் பட்டியலில் "மாதேவன்", சாதிச் சான்றில் அப்பா பெயர் முன்னால். மூன்றும் ஒருவரே என்று கிராம சபைத் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தால் பின்னால் தொல்லை இருக்காது.

5. படிவமும் கிராம சபையும்

தனிநபர் உரிமைக்குப் படிவம் ஏ, சமூக உரிமைக்குப் படிவம் பி, காட்டைப் பாதுகாத்து நிர்வகிக்கும் சமூக வன வள உரிமைக்குப் படிவம் சி. எல்லாரும் ஏ-யை மட்டும் நிரப்பிவிட்டு ஓய்ந்து விடுகிறார்கள். தேன், கிழங்கு, மருந்துச் செடி, மீன் எல்லாம் பி-யில் வருபவை. மூன்றையும் ஒரே சபையில் எடுப்பது நல்லது. திரும்ப ஆள் கூட்டுவது லேசான காரியமில்லை.

தனிநபருக்கு உச்சவரம்பு 4 ஹெக்டேர், நம் கணக்கில் சுமார் 988 சென்ட். அது உச்சவரம்பு மட்டும். உண்மையில் கையில் இருப்பதைத்தான் எழுத வேண்டும். அதேசமயம், கார்டு வாயால் சொன்ன 50 சென்டையும் எழுத வேண்டாம். சொந்தச் சாகுபடி என்பது சட்டத்தின் சொல். விளையைப் பாட்டத்துக்கு விட்டிருந்தால் அந்தக் கேள்வி வரும், முன்கூட்டியே பேசி வையுங்கள்.

படிவத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. "ஆபீஸ் செலவு" கேட்டு வருகிற ஏஜெண்டை இந்த ஒரு வரியால் திருப்பி அனுப்பலாம். வாங்கும் குழு ஒப்புகைச் சீட்டுத் தர வேண்டும். சீட்டு இல்லாமல் மூலப் படிவத்தைக் கையை விட்டு விடக் கூடாது.

சபையின் குறைந்தபட்ச வருகை மொத்த உறுப்பினர்களில் பாதி. வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உரிமைக் கோரிக்கை மீது தீர்மானம் என்றால் கோரியவர்களிலோ அவர்கள் பிரதிநிதிகளிலோ பாதிப்பேர் இருக்க வேண்டும். ஒரு முழு ஊராட்சிக்கு இந்தப் பாதியைத் திரட்டுவது நடக்கிற காரியமா? ஆகவேதான் குடியிருப்பு அளவில் சபை கேட்க வேண்டும். சட்டத்தின் பிரிவு 2(p), வனக் கிராமம், பழைய குடியிருப்பு, அளக்கப்படாத கிராமம் ஆகியவற்றையும் "கிராமம்" என்கிறது. கடையால் மாதிரி பேரூராட்சி எல்லைக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்கு இந்தப் பிரிவு இன்னும் முக்கியம். அங்கே வழக்கமான ஊராட்சிக் கிராம சபையே கிடையாது.

வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 பேர், மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குழுவில் இருப்பவர் தன் சொந்த மனு வரும்போது விலகி நிற்க வேண்டும், அதைப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். இதை எழுதாமல் விட்டதை வைத்து மொத்தத் தீர்மானத்தையும் சந்தேகப்படுவார்கள்.

உங்கள் லீவை வைத்துச் சபையின் தேதி வைக்காதீர்கள். ரப்பர் வெட்டு, மழை, படகு ஆகியவற்றைப் பார்த்து அவர்களே முடிவு செய்யட்டும். சபையில் நீங்கள் பேசவும் வேண்டாம். "வெளியாள் வந்து எழுதி வாங்கிய தீர்மானம்" என்ற ஒரு சொல் போதும், கோப்பு படுத்துவிடும்.

6. களச் சரிபார்ப்பும் மேலே போகும் கோப்பும்

வன உரிமைக் குழு நிலத்தைப் பார்க்கப் போகும் முன் மனுதாரருக்கும் வனத்துறைக்கும் தகவல் கொடுக்க வேண்டும். போனில் சொன்னால் போதாது. ரேஞ்சர் அலுவலகத்தில் கடிதம் கொடுத்துப் பிரதியில் சீலும் தேதியும் வாங்குங்கள். "எங்களைக் கூப்பிடவே இல்லை" என்று பின்னால் வரும் ஆட்சேபனைக்கு அந்தச் சீல்தான் பதில். வந்த அதிகாரி பெயர், பதவி, தேதி, கருத்து எழுதிக் கையொப்பம் போட வேண்டும்.

தீர்மானம் அடுத்துப் போவது சப் கலெக்டர் தலைமையிலான உட்கோட்டக் குழுவுக்கு. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி, கடையால் பக்கத்துக்கு அது பத்மநாபபுரம் கோட்டம். அதன் பிறகு நாகர்கோவிலில் கலெக்டர் தலைமையிலான மாவட்டக் குழு.

தள்ளுபடியை வாயால் சொல்லி அனுப்புவதுதான் பெரிய தொல்லை. காரணத்தை எழுத்தில் தர வேண்டும், மனுதாரருக்கு நேரில் தெரிவிக்க வேண்டும். கோப்பு முழுமையில்லை என்றால் தள்ளாமல் கிராம சபைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். மேல் மனுவுக்கு 60 நாள், குழு நினைத்தால் மேலும் 30 நாள். இந்தத் தேதிகளை நினைவில் வைத்துக் கூப்பிட்டுச் சொல்வது உங்கள் வேலை. வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதைச் செய்யுங்கள்.

இந்த நடைமுறை முடியும்வரை யாரையும் நிலத்திலிருந்து வெளியேற்ற முடியாது என்கிறது பிரிவு 4(5). மாவட்டக் குழுவின் முடிவே இறுதி. அதற்கு மேல் போக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைதான். வக்கீல் செலவுக்கு உடனே வசூல் தொடங்க வேண்டாம். பழங்குடியினருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மனு எழுதினால் போதும்.

7. தகவல் உரிமை மனு

மனு போட்டதும் அதே வாரம் தகவல் உரிமையில் இறங்குவது அவசரம். கோப்பு எந்த மேசையில் நிற்கிறது என்று தெரிந்த பிறகு போடுங்கள்.

"ஏன் தாமதம்?" என்று கேட்டால் பதில் வராது. ஏனென்றால் காரணம் சொல்வது இந்தச் சட்டத்தில் இல்லை, இருக்கும் பதிவைத் தருவதுதான் இருக்கிறது. இப்படிக் கேளுங்கள்: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை நடந்த உட்கோட்டக் குழுக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பு நகல், குடியிருப்புவாரியாக வந்த, ஏற்ற, தள்ளிய மனுக்களின் எண்ணிக்கை, தள்ளுபடி ஆணைகளின் நகல், பாதைக்கோ வீட்டுக்கோ ஒதுக்கிய தொகை, வேலை ஆணை, அளவுப் புத்தகம். ஊழலைக் கண்டுபிடிக்க அளவுப் புத்தகத்தை விட நல்ல காகிதம் இல்லை. அதில் எழுதிய நீளத்தை ஒரு பையன் டேப்போடு போய் அளந்தால் தெரிந்துவிடும்.

கட்டணம் 10 ரூபாய். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அப்புறம் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். வெளிநாட்டிலிருந்து வாங்கும் மின்னணு தபால் ஆணை மத்திய அரசு அலுவலகங்களுக்குத்தான் செல்லும். மாநில அலுவலகங்களுக்குத் தமிழ்நாடு அரசின் ஆன்லைன் தளத்தைப் பாருங்கள். அதில் அலுவலகம் கிடைக்காவிட்டால் ஊரிலிருக்கும் ஒருவர் தபாலில் போடட்டும். ஒருவரின் தனிக் கோப்பு வேண்டுமானால் அவர் பெயரிலேயே கேளுங்கள். இன்னொருவர் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று மறுப்பார்கள்.

8. லஞ்சம் கேட்டால்

கொடுத்துவிட்டு வந்து சொல்வதற்கும், கேட்டவுடன் சொல்வதற்கும் சட்டத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்ட பிறகு கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்திருந்தால் 7 நாளுக்குள் புகார் செய்ய வேண்டும், அப்போதுதான் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு. ஆகவே "இப்போ கொடுத்து வேலையை முடி, பிறகு பார்ப்போம்" என்று அங்கிருந்து யோசனை சொல்லாதீர்கள். எட்டாவது நாள் மாட்டுவது காணிதான், நீங்கள் அல்ல.

கேட்ட நாள், இடம், தொகை, சொன்ன வார்த்தை ஆகியவற்றை அன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிறகு லஞ்ச ஒழிப்புத் துறையின் மாவட்டப் பிரிவுக்கு அவரே போக வேண்டும். பெயரில்லாத மெயிலை நீங்கள் அனுப்பினால் குப்பைக்குத்தான் போகும்.

நிலத்தைப் பிடுங்குவது, வேலி போட்டுத் தடுப்பது, பயிரை அழிப்பது எல்லாம் வேறு வகை. 2015 திருத்தத்துக்குப் பின் வன உரிமையை அனுபவிக்க விடாமல் தடுப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். அந்தப் புகாரை டி.எஸ்.பி. நிலை அதிகாரி விசாரிக்க வேண்டும்.

9. பணம்

இதை இவ்வளவு பின்னால் வைத்திருப்பது காரணத்தோடுதான். மேலே சொன்ன வேலைகளுக்கு ஆகும் செலவு ஜெராக்ஸ், படகு, பஸ், மொழிபெயர்ப்பு. பெரிய தொகை இல்லை.

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவில்லாத அமைப்பு, வெளிநாட்டுச் சங்கத்தின் பணத்தை வாங்கக் கூடாது. பதிவுள்ள அமைப்பும் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. சங்கத்தில் எல்லாரிடமும் சேர்த்து ஒருவர் கணக்கு வழியாக அனுப்புவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. அந்தக் கலவையில் ஒரு ஓசிஐ அட்டைக்காரர் பணம் இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது ஊரில் வாங்கியவர்.

10. வெளியில் பேசுவது

ஒடிசாவின் நியம்கிரியில் வேதாந்தா சுரங்கத்துக்கு எதிரான போராட்டத்தை எல்லாரும் உதாரணம் சொல்வார்கள். அந்த நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையில் இருந்தது. ஆகவே லண்டனில் இருந்த இந்தியர்கள் அதன் ஆண்டுக் கூட்ட வாசலில் நிற்க முடிந்தது. ஆனால் முடிவைச் சொன்னது, 2013-இல் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி கூடிய 12 கிராம சபைகள். பன்னிரண்டும் வேண்டாம் என்றன. நம் மலையில் லண்டன் கம்பெனி இல்லை. தக்கலைக்கும் நாகர்கோவிலுக்கும் போக வேண்டிய கோப்புதான் இருக்கிறது. வெளிநாட்டில் தூதரக வாசல் ஆர்ப்பாட்டத்தால் ஆகப்போவது குறைவு.

எழுத்துப்பூர்வமான தள்ளுபடியோ, பதில் வராத மனுவின் ஒப்புகையோ கையில் இருந்தால் பேசுங்கள். அதிகாரியின் பெயரை விட்டுவிட்டு மனு எண், தேதி, விதி எண் ஆகியவற்றைச் சொல்லுங்கள். அவதூறு வழக்கு வந்தால் அலையப் போவது ஊரில் இருப்பவர்கள். முகம் தெரியும் படம், வீட்டுக்கு வழி காட்டும் வரைபடம் எதையும் கிராம சபை சம்மதிக்காமல் போடாதீர்கள்.

11. பட்டா கைக்கு வந்ததும்

கொண்டாட்டத்துக்கு முன் காகிதத்தை வாசியுங்கள். கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்கிறதா? சட்டம் கேட்பது அது. கிராம சபை பரிந்துரைத்த பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் ஒன்றா? நான்கு எல்லைகளும் நிலத்தில் இருக்கும் அடையாளத்தோடு பொருந்துகின்றனவா? விற்க முடியாது என்ற வாசகத்தைக் குடும்பத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டியாயிற்றா?

பரப்பு குறைந்திருந்தால் அது திருத்தம். திருத்தமும் பகுதித் தள்ளுபடிதான், அதற்கும் எழுத்தில் காரணம் உண்டு, அதே 60 நாள் கணக்கு உண்டு. பட்டாவை லேமினேட் செய்ய வேண்டாம், பின்னால் குறிப்பு எழுத வேண்டி வரும். ஸ்கேன் எடுத்து ஒரு பிரதி குடும்பத்திடம், ஒன்று வன உரிமைக் குழுவின் பெட்டியில், ஒன்று உங்களிடம்.